செங்கல்பட்டு வட்டாரக் கைப்பந்து: இளம் ஆட்டக்காரர்களுக்கான போட்டி

செய்தித்தாளில் கைப்பந்து என்று அச்சாகும் ஆட்டத்தை ஊரில் எல்லோரும் வாலிபால் என்றே சொல்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு இரண்டு வகைக் களங்கள் உண்டு. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளும் கடற்கரைக் குப்பங்களின் மணல் ஒன்று. ஜி.எஸ்.டி. சாலையையும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையையும் ஒட்டிய கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களின் ஆடுகளங்கள் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் முதல் களத்தில் பந்தைத் தொட்ட சிறுவர்களில் மிகச் சிலரே இரண்டாவது களத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். அந்தச் சிலரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த வயதில், எதைத் தருவதாகச் சொல்லி அழைக்கிறார்கள் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இளம் ஆட்டக்காரர்களுக்காகப் போட்டியிடுபவை பெரும்பாலும் கழகங்கள். தமிழ்நாட்டிலும் ஊர்தோறும் கைப்பந்துக் கழகங்கள் இருக்கின்றன. பெயர்ப் பலகையும் சீருடையும் ஆண்டுக்கொரு மின்னொளிப் போட்டியும் உண்டு. ஆனால் ஒரு 14 வயதுப் பிள்ளையின் ஆட்ட வாழ்க்கையை முடிவு செய்யும் வலிமை அவற்றுக்கு இல்லை. விடுதியில் ஓர் இடம், கல்லூரியில் ஒரு சீட், அலுவலகத்தில் ஒரு வேலை ஆகிய மூன்றில் ஒன்றைத் தரக்கூடிய நிறுவனங்களிடமே அந்த வலிமை உள்ளது. தமிழகக் கைப்பந்தின் வரலாற்றை இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த வரலாறு என்றே படிக்கலாம். அவை வந்த வரிசையும் தலைகீழானது. முதலில் வந்தது வேலை, பிறகு சீட், கடைசியில் விடுதி.

ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ஆட்டம்

கைப்பந்து 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹோலியோக் நகரில் உருவானது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் மார்கன் இதை அமைத்தார். கூடைப்பந்து அளவுக்கு உடல் மோதல் இல்லாத ஓர் உள்ளரங்க ஆட்டம், நடுத்தர வயது ஆண்களுக்கு ஏற்றது என்பதே அவர் எண்ணம். உயரமான இளைஞர்களைத் தேடித் திரியும் இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் இது வேடிக்கையாகத் தோன்றும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே வந்தது. கொழும்பு ஒய்.எம்.சி.ஏ.வில் 1916இல் அறிமுகமான கைப்பந்து பின்னாளில், 1991இல், இலங்கையின் தேசிய விளையாட்டாகவே அறிவிக்கப்பட்டது. சென்னையில் இதன் பரவலுக்கு வழி செய்தவர் ஹாரி குரோ பக். அவர் 1920இல் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியே இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அங்கே பயிற்சி பெற்றவர்கள் மாகாணத்தின் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களாகச் சென்றார்கள். கைப்பந்துக்குச் செலவு குறைவு. கிரிக்கெட்டுக்கு வேண்டிய பரப்பும் ஹாக்கிக்கு வேண்டிய மட்டைகளும் இதற்குத் தேவையில்லை. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் கொண்ட தரையும் ஒரு பந்தும் இருந்தால் 12 பேர் ஆடலாம். சுற்றி நிற்கும் இன்னும் 12 பேர் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கலாம். ‘பி.டி. மாஸ்டர்’ என்று பிள்ளைகள் அழைக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு இதைவிட வசதியான ஆட்டம் கிடையாது. கடற்கரைக் குப்பங்களிலோ வலை கட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

இந்தியக் கைப்பந்துச் சம்மேளனம் 1951இல் அமைந்தது. அதற்கு முன்பே, 1936இல் லாகூரில், மாகாணங்களுக்கிடையிலான போட்டி தொடங்கிவிட்டது. ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி 1958இல் டோக்கியோவில் வெண்கலமும், 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றது. கைப்பந்துக்கான முதல் அர்ஜுனா விருதை 1961இல் பெற்றவர் அ. பழனிசாமி.

வேலை தந்த அணிகள்

அந்தத் தலைமுறையின் ஆட்டக்காரர் எவரும் கைப்பந்தால் நேரடியாகச் சம்பாதித்ததில்லை. அவர்கள் சம்பாதித்தது வேலையை. ராணுவம், ரயில்வே, காவல்துறை ஆகியவை முதலில் அணிகளை வைத்தன. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இல் உற்பத்தியைத் தொடங்கியது, ஐ.சி.எஃப். என்ற பெயர் தமிழக விளையாட்டு வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயராக மட்டுமன்றி ஓர் அணியின் பெயராகவும் ஆயிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1969இல் தேசியமயமாயின. இரண்டுமே கைப்பந்து அணிகளை வைத்திருந்தன. இவற்றுக்குள் நடந்த போட்டியைக் காண மாலை நேரங்களில் கூட்டம் கூடியது.

இந்த அமைப்பு வீரனுக்குத் தந்த பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. கடற்கரையிலோ ஏரிப்பாசன ஊரிலோ பிறந்த ஒருவனுக்கு 22 வயதில் வங்கி எழுத்தர் வேலை கிடைத்தால் அந்தக் குடும்பத்தின் நிலையே மாறும். முழங்கால் போனாலும் சம்பளம் நிற்காது. ‘வாலிபால் ஆடி என்னத்த கிழிக்கப் போற’ என்று கேட்ட தகப்பனுக்குப் பதில் சொல்ல அந்த ஒரு நியமன ஆணை போதும். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு இன்று 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது.

ஆனால் வேலை தரும் நிறுவனம் ஆட்டக்காரரை உருவாக்குவதில்லை. உருவான ஆட்டக்காரரைத்தான் எடுத்துக்கொள்கிறது. இதில் ரயில்வேக்கும் வங்கிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தேசியப் போட்டிகளில் ரயில்வே ஒரு மாநிலத்தைப் போலவே தனி அணியாக இறங்குகிறது. ராணுவமும் அப்படியே. எனவே தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் ரயில்வேயில் சேர்ந்தால் அடுத்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு எதிரே நிற்க நேரும். வங்கியில் சேர்ந்தவரோ தொடர்ந்து மாநில அணிக்கு ஆடலாம். பெண்கள் பிரிவில் ரயில்வேயின் ஈர்ப்பு இன்னும் கூடுதல். தேசியப் போட்டிகளில் கேரளமும் ரயில்வேயும் நெடுங்காலம் மேலோங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காலத்திலேயே தமிழ்நாட்டின் பெயரைச் சொல்ல வைத்தவர் ஜி.இ. ஸ்ரீதரன். 1982இல் அர்ஜுனா விருதும், பயிற்சியாளராக 2007இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. ஆசிய விளையாட்டில் இந்தியக் கைப்பந்து இதுவரை பெற்ற கடைசிப் பதக்கம் அதுதான். நிர்வாகத்தில் பா. சிவந்தி ஆதித்தனின் பங்கு பெரிது. அவர் இந்தியக் கைப்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கும் தலைமை வகித்தார்.

ஜி.எஸ்.டி. சாலைக் கல்லூரிகள்

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984இல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கியது. பின்னர் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சென்னையின் தெற்கு விளிம்பில், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலம் மலிவாக இருந்த இடங்களிலெல்லாம் கல்லூரிகள் எழுந்தன. இது கைப்பந்தின் வரைபடத்தையும் மாற்றியது.

தனியார் கல்லூரிக்கு விளையாட்டு அணி ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்குவது எளிது. புதிய கல்லூரிக்குப் பழம்பெருமை இல்லை. தேர்ச்சி விகிதம் வெளியாக ஆண்டுகள் ஆகும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கோப்பை ஒன்றை வென்றால் மறுநாளே நாளிதழில் பெயர் வரும். ஆறு பேர் களத்தில், பன்னிரண்டு பேர் அணியில். இந்தச் செலவில் இத்தனை விளம்பரம் வேறெதிலும் கிடைக்காது. எனவே நல்ல ஆட்டக்காரருக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, விடுதி, உணவு, காலணி என்று சலுகைகள் பெருகின. பிளஸ் 2 முடிக்கும் ஒரு நல்ல லிஃப்டருக்கு, அதாவது பந்தை அடிப்பவருக்கு ஏற்றபடி தூக்கித் தருபவருக்கு, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளிலிருந்து அழைப்பு வருவது வழக்கமாயிற்று. அகில இந்தியப் பல்கலைக்கழகக் கைப்பந்துப் போட்டிகளில் எஸ்.ஆர்.எம். பலமுறை பட்டம் வென்ற அணிகளுள் ஒன்றானது இந்தப் பின்னணியில்தான்.

விளம்பரத்துக்காகத் தொடங்கியதென்றாலும், இந்தக் கல்லூரிகள் ஒன்றை உண்மையாகவே செய்தன. 18 முதல் 22 வயது வரை, முன்பு ஆட்டக்காரர்கள் காணாமற்போன அந்த நான்கு ஆண்டுகளில், தினம் இரண்டு வேளை பயிற்சியும் வயிறார உணவும் கிடைக்கச் செய்தன. பொறியியல் பட்டம் கையில் வந்ததா என்பது வேறு கேள்வி. காலையும் மாலையும் பயிற்சி, பருவத் தேர்வு நேரத்தில் தென்மண்டலப் போட்டி என்று போகும் மாணவருக்குப் பாடங்கள் நிலுவையில் சேர்வது இயல்பு. சேர்க்கையின்போது இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவோர் குறைவு.

இதே வட்டாரத்தில், மேலக்கோட்டையூரில், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆட்டக்காரர்களாக வந்து மேலே போக முடியாதவர்கள் பலர் அங்கே படித்துப் பயிற்சியாளர்களாகவும் உடற்கல்வி ஆசிரியர்களாகவும் வெளியே வருகிறார்கள்.

விடுதியும் தேர்வும்

1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைந்தபின் போட்டி இன்னும் சிறிய வயதுக்கு இறங்கியது. ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேரும் மாணவர்களுக்கான தேர்வு கோடையில் நடக்கிறது. முதலில் மாவட்ட அளவு, பிறகு மாநில அளவு. தேர்வானால் தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். அருகிலுள்ள பள்ளியில் படிப்பு. 7ஆம் வகுப்பு என்றால் வயது 12. வீட்டை விட்டுப் போக அது சிறிய வயதுதான். ஆனால் பிள்ளைக்கு மூன்று வேளையும் முட்டை, பால், கறியோடு சோறு போட முடியாத வீட்டில் இந்த அழைப்பை மறுப்பது கடினம். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை விடுதிதான் முடிவைத் தீர்மானிக்கிறது. மாலை இருட்டிய பிறகு திடலில் ஆட வீட்டில் விடமாட்டார்கள். காப்பாளர் உள்ள அரசு விடுதி என்றால் அனுப்புவார்கள்.

விடுதிக்கு ஆள் சேர வேண்டுமானால் முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வடிகட்டி பள்ளிப் போட்டிகள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகளில் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பை இன்னொரு மேடை. குறுவட்டப் போட்டி நடக்கும் நாளில் திடலின் ஓரத்தில் நிற்பவர்களைக் கவனித்தால் இந்தப் போட்டி புரியும். தோற்ற அணியிலும் உயரமான ஒரு பையன் இருந்தால், ஆட்டம் முடிந்ததும் அவனைத் தேடி ஒருவர் வருவார். கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லும் தனியார் பள்ளியிலிருந்து வந்திருக்கலாம். பக்கத்து மாவட்ட விடுதிப் பயிற்சியாளராகவும் இருக்கலாம். கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஆட்டத்தைப் பற்றியதாக இராது. ‘அப்பா எவ்வளவு உயரம் தம்பி?’ என்பதாகவே இருக்கும்.

உயரம், வயது

ஆண்களுக்கான வலையின் மேல் விளிம்பு தரையிலிருந்து 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். இந்த இரண்டு எண்களுமே தேடலை ஆள்கின்றன. கையைத் தூக்கி நின்றால் எட்டும் உயரம், நின்ற இடத்திலிருந்து எம்பும் உயரம், உள்ளங்கை அகலம், பாதத்தின் நீளம் எல்லாம் அளக்கப்படுகின்றன. 13 வயதில் பெரிய பாதம் உள்ளவன் இன்னும் வளர்வான் என்பது பயிற்சியாளர்களின் நம்பிக்கை.

1998இல் வந்த இரண்டு மாற்றங்கள் இதைச் சற்றுத் திருப்பின. சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறை போய், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, 25 புள்ளிக்கு ஒரு செட் என்றானது. பின்வரிசையில் மட்டும் ஆடும் ‘லிபரோ’ என்ற தற்காப்பு ஆட்டக்காரரும் வந்தார். லிபரோ வலைக்கு மேலே அடிக்கக் கூடாது, தடுக்கவும் கூடாது. ஆகவே உயரம் குறைந்த, கால் வேகம் மிகுந்த பிள்ளைக்கு முதன்முறையாக ஓர் அதிகாரபூர்வமான இடம் கிடைத்தது. மணலில் விழுந்து எழுந்து பழகிய கடற்கரைப் பையனுக்குப் பொருத்தமான இடமும் இதுவே. ஆனாலும் ஓர் அணிக்கு ஒன்றிரண்டு லிபரோக்களே தேவை. 12 வயதில் குட்டையாக இருந்ததால் ஒதுக்கப்பட்டு 16 வயதில் திடீரென வளரும் பிள்ளைகளை இந்த முறை தவறவிடுகிறது. விடுதித் தேர்வில் 11ஆம் வகுப்புக்கு மறுபடி ஒரு வாசல் வைத்திருப்பது இதனால் நல்லது. ஆனால் அதற்குள் பலர் பந்தை விட்டுப் படகுக்கோ கடைக்கோ போயிருப்பார்கள்.

சிறுவர் பிரிவுகளில் வெற்றிக்கு மதிப்பு ஏற ஏற, வயதைக் குறைத்துக் காட்டும் ஆசையும் ஏறுகிறது. 16 வயதுப் பையன் 14 வயதுக்குட்பட்டோரில் ஆடினால் அந்த ஆண்டு கோப்பை நிச்சயம். இந்த நோய் கைப்பந்துக்கு மட்டும் உரியதல்ல. 2010இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான தேசிய விதிமுறையைக் கொண்டுவந்து மருத்துவச் சோதனைகளுக்கு வழி செய்தது. மோசடியில் முதலில் ஏமாறுவது எதிரணி இல்லை. சொந்த ஊரில், உண்மையான வயதோடு, அந்த இடத்துக்குக் காத்திருந்த இன்னொரு பிள்ளை.

இளையோர் மட்டத்தில் இந்தியா பெற்ற வெற்றிகள் சிறியவை அல்ல. 2003இல் தாய்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்ட சிறுவர் உலகப் போட்டியில் வெள்ளி. 2019இல் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் வெள்ளி. ஆனால் மூத்தோர் அணி ஒலிம்பிக்கில் ஒருமுறைகூட ஆடியதில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தென்கொரியாவையும் சீன தைபேயையும் வென்றும் ஆறாவது இடமே கிடைத்தது. ஆட்களைக் கண்டெடுப்பதில் நாம் தேர்ந்துவிட்டோம், வளர்த்து முடிப்பதில் பின்தங்குகிறோம் என்று இந்த முடிவுகளை வாசிப்பதே சரியாகப் படுகிறது.

முதல் ஆசிரியரின் பங்கு

ஒரு பிள்ளை பத்து வயதில் பந்தைத் தொடும் இடம் ஊர்த்திடல். பந்து வாங்கிப் போடுபவர், கம்பம் நடுபவர், அண்டர்ஹேண்டில் பந்தை எடுக்கக் கற்றுத்தருபவர் எல்லோரும் ஊர்க்கழகத்து மூத்தவர்கள். அல்லது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பிள்ளை விடுதிக்குப் போனதும் ஊர்க்கழகத்தின் பெயர் அவன் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. சான்றிதழில் விடுதியின் பெயர், பிறகு கல்லூரியின் பெயர், பிறகு வங்கியின் பெயர்.

கால்பந்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2001இல் கொண்டுவந்த விதிகளின்படி, 12 வயது முதல் 21 வயது வரை ஓர் ஆட்டக்காரரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு, அவர் தொழில்முறை ஆட்டக்காரராகும்போது இழப்பீடு போய்ச் சேரும். ஏழை நாட்டின் சிறு கழகம்கூட இதனால் ஆண்டுக்கணக்கில் செலவைச் சமாளிக்க முடிகிறது. தமிழகக் கைப்பந்தில் இதற்கு இணையான ஏற்பாடு இல்லை. ஊரிலிருந்து போன பையன் பொங்கலுக்கு வரும்போது தன் கழகத்துக்காக மின்னொளிப் போட்டியில் ஒரு நாள் ஆடிவிட்டுப் போவதுதான் முதல் ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் பங்கு. அதுவும் கல்லூரிப் பயிற்சியாளர் காயத்துக்கு அஞ்சித் தடுத்தால் கிடைக்காது.

இந்த மின்னொளிப் போட்டிகளையும் சொல்ல வேண்டும். அறுவடைக்குப் பிந்திய மாதங்களிலும் கோயில் திருவிழாக் காலத்திலும் இரவு முழுக்க நடக்கும் இவற்றில் ஊர்க்கழகங்கள் வெளியாட்களைப் பணம் கொடுத்து இறக்குகின்றன. பரிசுத் தொகையைவிட அழைத்து வந்த ஆளின் செலவு கூடிப்போவதும் உண்டு. கௌரவம் காப்பாற்றப்பட்டுவிடும், ஆனால் களத்தில் இறங்க வேண்டிய 17 வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

கோவளத்தின் அலைச்சறுக்கு

ஒப்பிட்டுப் பார்க்க இதே கரையில் வேறொரு விளையாட்டு இருக்கிறது. கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவுடன் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். மாமல்லபுரத்திலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. குப்பத்துப் பிள்ளைகள் அங்கே கற்று, அங்கேயே பயிற்றுநராகி, அங்கிருந்தபடியே தேசியப் போட்டிகளுக்குப் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. ஆட்டக்காரர் ஊரை விட்டுப் போகத் தேவையில்லை; ஏனென்றால் அலை ஊரில்தான் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்குக் கற்றுத்தந்து வருமானமும் பார்க்கலாம். கைப்பந்துப் பையனுக்கு இந்த வசதி இல்லை. நல்ல தளமும் எதிராளியும் பயிற்சியாளரும் வெளியே இருப்பதால் அவன் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

லீக் வந்த பிறகு

2019 பிப்ரவரியில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் முதலாவது புரோ வாலிபால் லீக்கின் இறுதியாட்டம் நடந்தது. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் ஹீரோஸை நேர் செட்களில் வென்றது. அந்த லீக் அத்தோடு நின்றது. சம்மேளனத்துக்கும் நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முறிந்தது. 2022இல் பிரைம் வாலிபால் லீக் என்ற பெயரில் தனியார் முயற்சியாக அது மீண்டும் வந்தபோது சென்னை பிளிட்ஸ் அணி உருவானது. தமிழ்நாட்டின் ஜெரோம் வினித் காலிகட் ஹீரோஸ் அணிக்கு ஆடினார். அந்த அணி 2024இல் பட்டம் வென்றது. வேலைக்காக அல்லாமல் ஆட்டத்துக்காகவே ஊதியம் என்பது தமிழகக் கைப்பந்துக்குப் புதிது. 1979இல் கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ் அதற்காக அபுதாபிக்குப் போக வேண்டியிருந்தது.

ஆண்டுக்குச் சில வாரங்களே நடக்கும் லீக், மீதி மாதங்களுக்கு வங்கியையும் ரயில்வேயையும் கல்லூரியையும் நம்பியே இருக்கிறது. அணிகள் தங்களுக்கெனச் சிறுவர் பயிற்சி மையங்களைக் கடற்கரை வரை கொண்டுவந்தால், கோவளத்துப் பையனைத் தேடி வருவோரின் வரிசையில் இன்னொருவர் சேர்வார். இருவர் மட்டும் ஆடும் கடற்கரைக் கைப்பந்து 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2025இல் தியூவில் நடந்த முதலாவது கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகளிலும் அது இடம்பெற்றது. அதன் களம் 16 மீட்டருக்கு 8 மீட்டர், தரை மணல். செங்கல்பட்டுக் கரையிலோ மாலை ஐந்து மணிக்கு வலை கட்டினால் இன்னமும் பக்கத்துக்கு ஆறு பேராகத்தான் இறங்குகிறார்கள்.